தமிழ் உப்புத்தாள் எழுத்துப் பெட்டி வாங்கலாமா? நாலரை வயசு பாப்பாவுக்கு வாங்குனதப் பத்தி

வாங்கலாமானு கேட்டா தாராளமா வாங்கலாம். ஆனா பெட்டிக்குள்ள ஒரு சின்ன வழிகாட்டி புக் வச்சிருக்காங்க, அதுல போட்டிருக்கிற வரிசைல மட்டும் சொல்லிக்குடுக்காதீங்க. அத எடுத்து ஓரமா வச்சுட்டு நீங்களா எழுத்தப் பொறுக்கி எடுத்து ஆரம்பிச்சீங்கன்னா குடுத்த காசுக்கு மேலயே இந்தப் பெட்டி வேலை செய்யும். கொஞ்சம் விளக்கமாவே எழுதுறேன், ஏன்னா ஆன்லைன்ல இந்த மாதிரி பொருளுக்கு இருக்கிற ரிவியூ எல்லாம் நைஸ் ப்ராடக்ட், குட் குவாலிட்டி, டெலிவரி லேட் அவ்வளவுதான், பிள்ளைக்கு எழுத்து வந்துச்சா வரலயானு ஒருத்தரும் எழுதறதில்ல, நமக்கு வேணும்ங்கிறது அதுதானே.

பொருள் என்னனு மொதல்ல சொல்லிடுறேன். ஒரு மரப்பெட்டி, உள்ள உள்ளங்கை அளவுக்கு எம்டிஎஃப் (மர நார அழுத்தி செய்யிற) பலகைங்க. சிவப்பு பலகைல உயிரெழுத்து 12, நீல பலகைல க ங ச னு புள்ளி வைக்காத 18, பச்சைல ஃ ஒன்னு. இதுபோக மஞ்சள் கலர்ல பாதி அகலத்துல துணைக்கால், ஒத்தக்கொம்பு, ரெட்டக்கொம்பு, சங்கிலிக்கொம்பு நாலும் தனித்தனியா இருக்கு, புள்ளிக்கு சின்னதா வட்டமா மரப்பொட்டு. எழுத்து ஒவ்வொன்னும் உப்புத்தாள்ல வெட்டி ஒட்டிருக்காங்க, பெயிண்டர் சுவத்துல தேய்ப்பாரே அதே தாள்தான், ஆனா நைஸா இருக்கிற ரகம். விரல வச்சு தடவுனா எழுத்து மட்டும் சொரசொரன்னு, சுத்தி இருக்கிற பலகை வழவழன்னு. விலை 850 ரூபா. கம்பெனி பேர் போடல, இதே டிசைன்ல நாலஞ்சு பேர் விக்கிறாங்க, நான் சொல்ற நல்லது கெட்டது பெரும்பாலும் எல்லாத்துக்கும் பொருந்தும்.

பெட்டி மேல பெரிசா மான்டிசோரி முறைனு போட்டிருக்கு. அது சும்மா வியாபாரத்துக்கு போட்ட பேர் கிடையாது, இந்த உப்புத்தாள் எழுத்து நெசமாவே இத்தாலி டாக்டர் மரியா மான்டிசோரி அம்மாவோட பொருள்தான். 1907ல ரோம் நகரத்துல ஏழைங்க இருந்த சான் லொரென்சோ ஏரியாவுல அவங்க 'பிள்ளைங்க வீடு'ன்னு ஒரு பள்ளி ஆரம்பிச்சாங்க, அங்கேருந்துதான் இது பரவுச்சு. நம்ம ஊருக்கும் அவங்களுக்கும் தொடர்பு உண்டு, நிறைய பேருக்குத் தெரியாது. 1939ல பிரம்மஞான சபை (தியோசாபிகல் சொசைட்டி) கூப்பிட்டு சென்னை அடையாறுக்கு வந்தாங்க, வந்த நேரத்துல ரெண்டாம் உலகப்போர் வந்துருச்சு, அவங்க இத்தாலிக்காரங்கங்கிறதால பிரிட்டிஷ்காரன் ஊர விட்டுப் போக விடல, அப்படியே 1946 வரைக்கும் இந்தியாவுலயே இருந்து அடையாறுலயும் கொடைக்கானல்லயும் டீச்சர்ங்களுக்கு ட்ரெய்னிங் குடுத்தாங்க. இன்னைக்கு நம்ம ஊர்ல தெருவுக்கு ஒரு ஸ்கூல்ல மான்டிசோரினு போர்டு தொங்குறதுக்கு அந்த வருஷங்களும் ஒரு காரணம்.

இதோட அடிப்படை ரொம்ப சிம்பிள். கண்ணு எழுத்தப் பாக்குது, விரல் அதோட வடிவத்துல போகுது, வாய் அதோட சத்தத்த சொல்லுது, மூணும் ஒரே நேரத்துல நடக்குது. எங்க வீட்ல சுவத்துல ஒட்டுன சார்ட்டு ஒன்னு ஏற்கனவே இருந்துச்சு, அ அம்மா, ஆ ஆடு, இ இலை, ஈ, உ உரல்னு. பாப்பா அத ராகம் போட்டு ஔவையார் வரைக்கும் கடகடன்னு சொல்லுவா, கேக்கவே ஆசையா இருக்கும். ஆனா பேப்பர்ல எங்கயாவது 'இ' வந்தா காட்டி இது என்னடானு கேட்டா திருதிருன்னு முழிப்பா. அவளுக்குத் தெரிஞ்சது பாட்டு. அந்தப் பாட்டுல மூணாவதா வர்றது இந்த வடிவம்தான்னு யாரும் தனியா காட்டிக்குடுக்கல. பட்டன அமுக்குனா பேசுற ப்ளாஸ்டிக் போர்டு ஒன்னும் சொந்தக்காரங்க வீட்ல இருக்கு, அதுல ழவும் ளவும் ஒரே சத்தத்துல வருது, அத வச்சு கத்துக்குற பிள்ளைக்கு அப்புறம் யாரு வந்து நாக்க திருத்துறது.

இப்போ பலகைய எப்படி யூஸ் பண்ணனும்னா, ஒரே நேரத்துல ரெண்டு இல்லனா மூணு எழுத்து மட்டும் வெளிய எடுக்கணும். பெட்டியோட கொட்டிடாதீங்க. மொதல்ல நம்ம தடவிக்காட்டி "இது ப"ன்னு சொல்லணும், பிள்ளையையும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேத்து வச்சு தடவச் சொல்லி சொல்ல வைக்கணும். இது முதல் படி. ரெண்டாவது, ரெண்டு மூணு பலகைய பக்கத்துல பக்கத்துல வச்சு "ப எங்க இருக்கு? ம பலகைய எடுத்து அப்பத்தா கிட்ட குடுத்துட்டு வா"ன்னு கேக்கணும். மூணாவதாத்தான் ஒரு பலகையக் காட்டி "இது என்ன?"ன்னு கேக்கணும். நம்ம ஆளுங்க நேரா இந்த மூணாவதுக்குத்தான் தாவுவாங்க. வீட்டுக்கு யார் வந்தாலும் புக்க தொறந்து "இது என்ன சொல்லு, இது என்ன சொல்லு"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க, பிள்ளை வாய மூடிக்கும். ரெண்டாவது படில எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருங்க, அங்கதான் எழுத்து மனசுல பதியுது, பிள்ளைக்கும் அது வெளையாட்டாத்தான் தெரியும்.

சரி, வரிசைக்கு வர்றேன். இங்கதான் இந்தப் பெட்டியோட புக்குல எனக்கு பெரிய வருத்தம். அதுல முதல் வாரம் அ ஆ இ, அடுத்து ஈ உ ஊ, இப்படியே 12 உயிரும் முடிச்சு அப்புறம் க் ங் ச் னு போகுது. இலக்கணத்துக்கு அந்த வரிசை ரொம்ப அழகான வரிசை, அத நான் கொறை சொல்லல. ஆனா படிக்க ஆரம்பிக்கிற பிள்ளைக்கு 12 உயிரையும் சொல்லிக்குடுத்து முடிச்ச பிறகு அது எத்தனை வார்த்தை படிக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஈ, ஆ, ஏ, ஓ... இதுல பிள்ளைக்குத் தெரிஞ்ச பொருள் 'ஈ' ஒன்னுதான். வாரக்கணக்கா உக்காந்து படிச்சும் ஒரு வார்த்தைகூட சேராதுன்னா பிள்ளைக்கு எப்படி ஆர்வம் வரும்?

இங்கிலீஷ்ல எழுத்தோட சத்தத்த வச்சு படிக்க சொல்லிக்குடுக்கிற ஃபோனிக்ஸ் கிளாஸ் அனுப்புறோமே, அங்க யாரும் ஏ பி சி டி வரிசைல ஆரம்பிக்கிறதில்ல. ஜாலி ஃபோனிக்ஸ்ல முதல் செட்டே எஸ், ஏ, டி, ஐ, பி, என் (s, a, t, i, p, n) இந்த ஆறுதான். ஏன்னா இந்த ஆற வச்சே சின்னச் சின்ன வார்த்தை நெறைய கட்டலாம். அதுக்கு மாசாமாசம் ஃபீஸ் கட்டி அனுப்புற நம்ம, தமிழ்னு வந்தா மட்டும் சார்ட்டுல இருக்கிற வரிசைய மாத்தவே கூடாதுன்னு நெனைக்கிறோம். இந்தப் பெட்டில ஒவ்வொரு எழுத்தும் தனிப் பலகையா இருக்கிறதே நம்ம இஷ்டத்துக்கு பொறுக்கி எடுக்கத்தான், அதுதான் சார்ட்ட விட இதுக்கு இருக்கிற பெரிய பலம், அத புக் எழுதுனவங்களே கவனிக்கல.

நான் ட, ப, ம மூணுல ஆரம்பிச்சேன். ஆரம்பப் பள்ளி டீச்சருங்க நிறைய பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க, அதுல ஒரு அழகு இருக்கு, உப்புத்தாள்ல தடவுனாத்தான் அது நல்லாப் புரியும். ட பலகைல விரல மேல வச்சு நேரா கீழ இறங்கி வலது பக்கம் போனா முடிஞ்சது. ப வும் அதே இடத்துல ஆரம்பிச்சு அதே மாதிரி இறங்கி வலது பக்கம் போய் கூட ஒரு கோடு மேல ஏறுது. ம வும் அதேதான், மேல ஏறுனது அப்படியே உள்பக்கமா வளைஞ்சு கீழ இறங்குது. மூணும் ஒரே இடத்துல தொடங்குது, ஒன்னுலேருந்து ஒன்னு வளருது. பாப்பா ப பலகைய தடவிட்டு இருக்கும்போதே மேல ஏறாம பாதில நிறுத்தி "இப்ப இது ட"ன்னு சொன்னா பாருங்க, நான் அத சொல்லிக்குடுக்கவே இல்ல, அவ விரல்தான் சொல்லிக்குடுத்துச்சு.

அப்புறம் ம பலகை மேல அந்த வட்டப் பொட்ட வச்சா ம். இந்த மூணுலயே படம், மடம் ரெண்டும் வந்துருச்சு. ட வுக்கு மேலயும் பொட்டு வச்சா பட்டம், மட்டம் (ஒரே எழுத்து ரெண்டு தடவை வேணும்னா என்ன பண்ணேன்னு பின்னாடி சொல்றேன்). இங்க தமிழோட ஒரு சௌகரியத்த சொல்லியே ஆகணும். இங்கிலீஷ்ல 'பி'ன்னு பேர் இருக்கிற எழுத்துக்கு சத்தம் வேற, டபிள்யூனு பேர் இருக்கிறதுக்கு சத்தம் சம்பந்தமே இல்லாம வேற, அதனால பேரு தனியா சத்தம் தனியானு ரெண்டு தடவை படிக்கணும். நம்ம ப வுக்கு பேரும் ப, சத்தமும் ப. ப, ட, ம் னு வேகமா சொன்னாலே வார்த்தை வந்துரும். அது மொத தடவை வர்ற நேரத்துல பிள்ளையோட முகத்தப் பாக்கணும், "அம்மா, படம்!"னு கத்திட்டு டிவிக்கு மேல மாட்டிருக்கிற சாமி படத்தக் காட்டுனா. ஒரு சத்தத்துக்கும் கண்ணு முன்னாடி இருக்கிற பொருளுக்கும் நடுவுல இந்தப் பலகைங்கதான் நிக்குதுன்னு அந்த நிமிஷத்துலதான் புரியுது.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு, புக்குல அத தப்பாவே போட்டிருக்காங்க. புள்ளி வச்ச எழுத்த இக், இங், இச்னு சொல்லிக்குடுக்கச் சொல்லுது. நம்ம எல்லாரும் அப்படித்தான் படிச்சோம், பெரிய பிள்ளைங்களுக்கு அது ஒன்னும் பண்ணாது. ஆனா புதுசா எழுத்துக் கூட்டுற பிள்ளை அத அப்படியே எடுத்துக்கும், ப ட இம், பட-இம்னுதான் படிக்கும், படம்னு வராது. எங்க தெருவுலயே ஒரு பையன் மரத்த ம-ர-இம்னு படிச்சிட்டு அது என்னனே தெரியாம நிக்கிறத பாத்திருக்கேன். அந்த முன்னாடி வர்ற 'இ' வ எடுத்துடுங்க. ம் னா உதட்ட மூடிட்டு ம்ம்ம்னு இழுக்கச் சொல்லுங்க. ல், ன், ள் எல்லாமே இப்படி இழுக்க முடியும். மெல்லினம், இடையினத்துல பெரும்பாலானத மூச்சு இருக்கிற வரைக்கும் இழுக்கலாம், வல்லினத்த இழுக்க முடியாது, க் ட் ப் எல்லாம் அடைச்சு நிக்கிற சத்தம், முன்னாடி எழுத்தோட சேந்தாத்தான் வாயில வரும். அதனால ஆரம்பத்துல ம், ல், ன் மாதிரி இழுக்கிற புள்ளியெழுத்த வச்சு படம், கல், பல்னு படிக்க விட்டுட்டு, அப்புறம் ட் ப் க் வர்றத பட்-டம், கப்-பல்னு முன்னாடி எழுத்தோட ஒட்டியே சொல்லிக்குடுத்தா பிள்ளை தடுமாறாது. பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணுன வல்லினம் மெல்லினம் இடையினம் இங்க வந்து இவ்வளவு உதவும்னு எனக்கு இப்பத்தான் தெரியுது, அந்தப் பிரிவே சத்தத்த வச்சுத்தான் பிரிச்சிருக்காங்க.

இன்னொன்னு, ஒரே எழுத்துக்கு ரெண்டு சத்தம். பம்பரத்துல ரெண்டு ப இருக்கு, சொல்லிப் பாருங்க, முதல் ப வேற ரெண்டாவது ப வேற. பக்கத்துல வர்ற க வுக்கும் பகல்ல வர்ற க வுக்கும் வித்தியாசம். சட்டைல ச ஒரு மாதிரி, பச்சைல ஒரு மாதிரி, மஞ்சள்ல இன்னொரு மாதிரி. இத பத்தி புக்குல ஒரு வரிகூட இல்ல. வார்த்தை தொடக்கத்துலயும் ரெட்டிச்சு வரும்போதும் அழுத்தமா வரும், நடுவுல தனியா வந்தாலோ மெல்லினத்துக்கு அடுத்து வந்தாலோ மெதுவா வரும், பெரும்பாலும் இவ்வளவுதான். இத பிள்ளைகிட்ட விதியா சொல்லவேண்டாம். வீட்ல தமிழ் பேசுற பிள்ளைக்கு வார்த்தை ஏற்கனவே காதுல இருக்கு, ப-க-ல்னு அழுத்தி படிச்சாலும் அடுத்த நொடியே பகல்னு தானா திருத்திக்கும். வெளிநாட்டுல இருந்து வாங்குறவங்க மட்டும் கவனமா இருங்க. அங்க வளர்ற பிள்ளைக்கு அந்த வார்த்தையே காதுல விழுந்திருக்காது, அதனால படிக்கிறதுக்கு முன்னாடி வார்த்தைய வாயால நெறைய சொல்லிப் பழக்கிட்டு அப்புறம் பலகைய எடுங்க.

ட ப ம வுக்கு அப்புறம் க, ல சேத்தேன், கல், பல், கடல், பகல், கப்பல் வந்துச்சு. அப்புறம் ர, வ, அதுல மரம், வரம், வட்டம். அ வையும் அங்க சேத்தேன், அப்பம்னு படிச்சா. ழ வந்ததும் பழம். ஒவ்வொரு தடவையும் புது எழுத்து ஒன்னு ரெண்டு, ஆனா புது வார்த்தை அத விட அதிகம். ங எழுத்த கடைசில வச்சுக்கங்க, அது அன்றாட வார்த்தைல ங் ஆத்தான் வரும், தங்கம், சங்கு, பங்கு மாதிரி, எல்லாமே க வோட ஒட்டிட்டுத்தான் நிக்கும்.

பலகைக்குப் பின்பக்கம் படம் போட்டிருக்காங்க, அதுல ஒன்ன மனசாரப் பாராட்டணும். ட, ண, ழ, ள, ற, ன இதுல ஆரம்பிக்கிற தமிழ்ச் சொல்லே கிடையாது. அதனால சில சார்ட்டுல எங்கயாச்சும் தேடி டமாரம், டம்ளர்னு எதையாவது போட்டுடுவாங்க. இதுல அப்படி பண்ணாம பட்டம்னு எழுதி நடுவுல இருக்கிற ட எழுத்த மட்டும் சிவப்புல காட்டிருக்காங்க, ண வுக்கு கிண்ணம், ழ வுக்கு பழம், ற வுக்கு சிறகு. எழுத்து வார்த்தைக்கு நடுவுலயும் இருக்கும்ங்கிறது பிள்ளைக்கு மொதல்லயே தெரிஞ்சுடுது. இத செஞ்சவங்களுக்கு தமிழ் தெரிஞ்சிருக்கு.

உப்புத்தாளோட உண்மையான பலன் தெரியறது ன, ண ரெண்டுலயும்தான். ரெண்டு சுழி ன, மூணு சுழி ணனு நம்ம சொல்லிடுறோம், பேப்பர்ல பாத்தா ரெண்டும் பிள்ளைக்கு ஒரே மாதிரி சுருட்டி வச்சதாத்தான் தெரியும். பலகைல விரல் போகும்போது சுழி ஒவ்வொன்னும் தனித்தனியா மாட்டுது. பாப்பா கண்ண மூடிக்குவா, நான் ஒரு பலகைய கைல குடுப்பேன், தடவிட்டே "ஒன்னு... ரெண்டு... மூணு, கண்ணோட ண"ம்பா. ல, ள, ழ வுக்கு வடிவம் பிரச்சனையே இல்ல, மூணும் வேற வேற, சத்தம்தான் பிரச்சனை. எங்க பக்கம் பேச்சுல வாளப்பளம்தான், தெருவுல அத்தனை பேரும் அப்படித்தான் சொல்லுவாங்க, அதுல தப்பு ஒன்னும் இல்ல, ஊர்ப் பேச்சு. ஆனா எழுத்துக்கு சத்தம் சொல்லும்போது நம்ம நாக்க மடிச்சு ழ எழுத்த ஒழுங்கா சொல்லியே ஆகணும், ஏன்னா பிள்ளை அந்த நேரத்துல நம்ம வாயத்தான் பாத்துட்டு இருக்கு.

கொறைங்க சொல்றேன். முதல் கொறை ர. இந்தப் பெட்டில ர வுக்கு கீழ சாய்வா இழுக்கணுமே ஒரு கோடு, அது இல்ல. சில ஃபான்ட்ல அப்படித்தான் இருக்கும், பெரியவங்க நம்ம இடத்தப் பாத்து படிச்சுடுவோம். ஆனா இங்க துணைக்காலும் அதே வடிவத்துல மஞ்சள் பலகையா இருக்கு. கலர எடுத்துட்டா ரெண்டும் ஒன்னு. பாப்பா ம வுக்கு பக்கத்துல நீல ர பலகைய வச்சுட்டு "மா"ன்னு படிச்சா, மரம் மாம் ஆயிடுச்சு. அவ மேல தப்பே இல்ல, பலகை அப்படி இருக்கு. நான் பெயிண்ட் கடைல ஒரு உப்புத்தாள் வாங்கி சின்னதா ஒரு கோடு வெட்டி ஃபெவிகால் போட்டு ஒட்டிட்டேன், 220 நம்பர் தாள் கேட்டு வாங்குங்க, நம்பர் கம்மியானா சொரசொரப்பு ஜாஸ்தி, பிஞ்சு விரல் வலிக்கும்.

ரெண்டாவது, ஒட்டுனது பிச்சுக்குது. பெரிய வளைவெல்லாம் கெட்டியா இருக்கு, சின்னச் சின்ன துண்டுதான் பிரச்சனை. ஏ வுக்கு கீழ இருக்கிற சின்னக் கோடு கழண்டு விழுந்துருச்சு, ஏ போய் எ ஆயிடுச்சு, ஏணி எணி ஆயிடுச்சு. எ க்கும் ஏ க்கும் வித்தியாசமே அந்த ஒத்தக் கோடுதான், வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டுல கொண்டுவந்த திருத்தம்னு சொல்லுவாங்க, அதுக்கு முன்னாடி குறிலுக்கு மேல புள்ளி வச்சு எழுதுனாங்களாம். அவ்வளவு முக்கியமான கோட்ட ஒரு சொட்டு பசையில ஒட்டி அனுப்புனா எப்படி. விக்கிறவங்க கிட்ட கேட்டா ரிட்டர்ன் தேதி முடிஞ்சுருச்சு, ஒத்தப் பலகை தனியா தர முடியாதுன்னுட்டாங்க. குழந்தைங்க தினமும் தேய்க்கிறதுக்குன்னே விக்கிற பொருளுக்கு உதிரி பலகை தரணும், 850 ரூபா வாங்குறாங்கள்ல.

மூணாவது, பலகைல எங்க ஆரம்பிக்கணும்னு ஒரு அம்புக்குறியோ கலர் பொட்டோ கிடையாது. நம்ம பக்கத்துல இருந்தா காட்டிடுவோம், பிள்ளை தனியா எடுத்து வெளையாடும்போது கீழருந்து மேல, வலதுலருந்து இடதுன்னு போகும், நாளைக்கு பென்சில் புடிக்கும்போது அதே பழக்கம் வரும். நெயில் பாலிஷ்ல தொடங்குற இடத்துல ஒரு பொட்டு வச்சுட்டேன், சரியாயிடுச்சு.

நாலாவதுதான் எனக்கு பெரிசா படுது. ஒவ்வொரு எழுத்தும் ஒன்னே ஒன்னுதான் குடுத்திருக்காங்க. பட்டம்னு வைக்க ரெண்டு ட வேணும், மரம் வைக்க ரெண்டு ம வேணும், பம்பரத்துக்கு ரெண்டு ப வும் ரெண்டு ம வும். தமிழ்ல ரெட்டிக்காத வார்த்தைய தேடிப் புடிக்கணும் போல. மான்டிசோரி முறைல தடவுறதுக்கு உப்புத்தாள் எழுத்து தனி, வார்த்தை கட்டுறதுக்கு ஒவ்வொரு எழுத்தும் பல காப்பி இருக்கிற பெட்டி தனி. இவங்க ஒரே பெட்டில ரெண்டும் நடக்கும்னு அட்டைல போட்டிருக்காங்க, நடக்காது. நான் பழைய தினசரி காலண்டர் அட்டைய கட்டம் கட்டமா வெட்டி ஸ்கெட்ச் பென்ல எழுத்து எழுதி வச்சுக்கிட்டேன், வார்த்தை கட்டுறது எல்லாம் அதுலதான் நடக்குது, பலகை தடவுறதுக்கு மட்டும்.

கால், கொம்பு தனித்தனியா குடுத்திருக்கிறது நல்ல ஐடியா, இதுல மட்டும் இந்தப் பெட்டிய மிஞ்ச முடியாது. க பக்கத்துல கால வச்சா கா, முன்னாடி ஒத்தக்கொம்பு வச்சா கெ, ரெண்டையும் வச்சா கொ, கொம்போட பின்னாடி ள பலகைய வச்சா கௌ. கொம்பு முன்னாடி வந்தாலும் சத்தம் பின்னாடிதான் வரும்ங்கிறது பிள்ளைங்களுக்கு பெரிய குழப்பம், இடது பக்கத்துல இருந்து ஒவ்வொன்னா படிச்சுப் பழகுனதுக்கு இது நேர்மாறா இருக்கும். அத பலகைய நகத்தி நகத்தி காட்டும்போது ஈஸியா புரியுது. என் மாமியார், அதாவது பாப்பாவோட அப்பத்தா, இன்னும் லை ய பழைய மாதிரி தும்பிக்கை போட்டுத்தான் எழுதுவாங்க. 1978ல 13 எழுத்த மாத்துனாங்க, அதுக்கு முன்னாடி படிச்சவங்க கை அப்படியேதான் பழகிருக்கு. பாப்பாகிட்ட அப்பத்தா எழுத்து இது, உன் எழுத்து இதுன்னு ரெண்டையும் காட்டுனேன், கொஞ்சம்கூட குழம்பல.

ஆனா கி கீ கு கூ மாதிரி இ ஈ உ ஊ சேந்து வர்ற நாலு வரிசையும் இதுல வராது. அதெல்லாம் எழுத்தோட ஒட்டியே வர்றது, அதுலயும் கு, சு, டு, து எல்லாம் ஒவ்வொன்னும் ஒவ்வொரு மாதிரி மாறும், தனிப் பலகையா குடுக்கவும் முடியாது, அது அவங்க தப்பு கிடையாது. ஆனா பெட்டி மேல "247 எழுத்தும் கற்கலாம்"னு போட்டிருக்காங்க. கணக்கு போட்டுப் பாருங்க, அந்த நாலு வரிசைல மட்டும் 72 எழுத்து இருக்கு, அத கழிச்சா 175தான் இந்தப் பலகைங்கள வச்சு காட்ட முடியும். 175ங்கிறதே பெரிய விஷயம், அத அப்படியே போட்டிருக்கலாமே. மீதி 72க்கு ஸ்டேஷனரி கடைல உயிர்மெய் சார்ட்டு வாங்கிக்கங்க, அதுக்குள்ள பிள்ளைக்கு பாதி தெரிஞ்சிருக்கும்ங்கிறதால சார்ட்டு அப்ப நல்லா உதவும்.

காசு கஷ்டமா இருந்தா வீட்லயே செய்யலாம், நெசமா சொல்றேன், கடைச் சரக்குக்கு ஒன்னும் கொறையாது. நாலஞ்சு உப்புத்தாள், பழைய நோட்டு அட்டை, ஃபெவிகால் போதும். உப்புத்தாளோட பின்பக்கம் எழுத்த திருப்பிப் போட்டு வரைஞ்சு வெட்டணும், கண்ணாடில தெரியற மாதிரி, அப்பத்தான் ஒட்டும்போது நேரா வரும். அதுவும் முடியலனா தாம்பாளத்துல அரிசியப் பரப்பி விரலால எழுத வைங்க, விஜயதசமிக்கு மட்டும் பண்றத தினமும் பண்ணுங்க. புளியங்கொட்டைய எழுத்து மேல அடுக்குற பழக்கம் நம்ம பாட்டி காலத்துலயே உண்டு. வாய்ல போடாத வயசா இருக்கணும், அது மட்டும் பாத்துக்கங்க.

யாருக்கு வாங்கலாம்னா மூணரை, நாலு வயசுலேருந்து ஆறு வயசு வரைக்கும். இங்கிலீஷ் மீடியத்துல படிக்கிற பிள்ளைங்களுக்கு கண்டிப்பா வாங்குங்க, நிறைய ஸ்கூல்ல தமிழுக்கு குடுக்கிற நேரம் கம்மி, எழுத்த வீட்லதான் போடணும். அரசுப் பள்ளிக்குப் போற பிள்ளைங்களுக்கு 2022லேருந்து எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சு பயிற்சி புக்கே குடுக்கிறாங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடத வாங்கிப் பாத்தேன், செய்ய வேண்டியது நிறைய இருக்கு, அவங்களுக்கு இந்தப் பெட்டி இருந்தா கூடுதல், இல்லனாலும் பரவால்ல. பிள்ளை ஏற்கனவே எழுத்துக்கூட்டிப் படிக்குதுன்னா இது வேண்டாம், அந்தக் காசுக்கு கதை புக் வாங்கிக்குடுங்க. பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் வெப்சைட்ல தமிழ்க் கதைங்க இலவசமாவே இருக்கு, ரொம்ப சின்ன வரி இருக்கிற லெவல்லேருந்து ஆரம்பிக்கலாம்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுத்திருக்கேன். அந்த ஒரு ஸ்டார கொறச்சது ர வுக்கும் ஒத்தக் காப்பிக்கும்தான், பசை, அம்புக்குறி எல்லாம் நம்மளே சரிபண்ணிக்கிற விஷயம். அடுத்த பேட்ச்ல ர வுக்கு கீழ கோடு போட்டு, ம, ப, ட, க, த இந்த அஞ்சையாவது ரெண்டு ரெண்டா குடுத்தாங்கன்னா எங்க அக்கா பையனுக்கு இன்னொரு பெட்டி வாங்குறதா இருக்கேன், அவனுக்கு இந்த ஆடி வந்தா மூணு முடியுது.